நீங்கள் கேட்டவை: பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு என்ன விலை கொடுக்கலாம்?

''பால் மாடு இரண்டை விற்று, போர்வெல் மோட்டார் மாற்றுவதற்காகப் பணம் வைத்திருக்கிறோம். 21 வயதுப் பையன், பழைய யமஹா ஆர்.எக்ஸ்.100 வண்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். புரோக்கர் 1,20,000 ரூபாய் சொல்கிறார். 'விண்டேஜ் வண்டி, வருஷா வருஷம் விலை ஏறும்' என்கிறார். 20,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?''

- வாசகர், கோபிசெட்டிபாளையம்

வண்டியைப் பார்க்கும் முன்பு முன்பணம் கொடுக்க வேண்டாம். 'விண்டேஜ்' என்ற சொல்லுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். மத்திய அரசு 2021-ம் ஆண்டு கொண்டு வந்த விதிப்படி, முதல் பதிவு நாளில் இருந்து 50 ஆண்டுகள் தாண்டிய வண்டிதான் விண்டேஜ். ஆர்.எக்ஸ்.100 இந்தியாவில் விற்பனைக்கு வந்ததே 1985-ம் ஆண்டின் கடைசியில்தான். முதன்முதலில் இறங்கிய வண்டிக்குக்கூட 2035-ம் ஆண்டில்தான் அந்தத் தகுதி வரும். அப்படியே பதிவு செய்தாலும், அந்த வண்டியைத் தினசரி ஓட்ட அனுமதி கிடையாது. கண்காட்சிக்கும் பழைய வண்டிகளின் ஊர்வலத்துக்கும்தான் எடுத்துச் செல்லலாம். பால் கேன் கட்டவும், உர மூட்டை ஏற்றவும் அந்தப் பதிவு உதவாது.

ஆனால், பையனின் ஆசையிலும் நியாயம் இருக்கிறது. 98 சிசி இன்ஜின், 11 குதிரைத்திறன், நூறு கிலோவைச் சற்றே தாண்டிய எடை என்று அந்தக் காலத்தில் இந்த வண்டிக்கு இணையாக நூறு சிசி வண்டி இங்கே குறைவு. எஸ்கார்ட்ஸ் நிறுவனம், ஜப்பானின் யமஹாவோடு சேர்ந்து இதைத் தயாரித்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதால் 1996-ம் ஆண்டு தயாரிப்பு நின்றது. நல்ல வண்டி வருடா வருடம் குறைகிறது, கேட்பவர்கள் குறையவில்லை. விலை ஏறியதற்கு இதுதான் காரணம். அந்த ஏறிய விலை எல்லா வண்டிக்கும் பொருந்தாது என்பதுதான் புரோக்கர் சொல்லாமல் விட்டது.

பழைய வண்டியின் விலையை மூன்று படியாகப் பார்க்க வேண்டும். முதலில் காகிதம், அடுத்து நம்பர், கடைசியாக இன்ஜின். வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கிக்கரை உதைத்து, சத்தத்தைக் கேட்டு மயங்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டுகிறார்கள்.

காகிதம்: சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. 15 ஆண்டுகள் செல்லும். அதன்பிறகு ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 1996-ல் வாங்கிய வண்டியாக இருந்தாலும், இதற்குள் பலமுறை புதுப்பித்திருக்க வேண்டும். ஊர்ப்புறத்தில் 'எஃப்.சி. முடிஞ்ச வண்டி' என்று சொல்வது இப்படிப் புதுப்பிக்காத வண்டியைத்தான். தாமதமான காலத்துக்கு மாதக் கணக்கில் கட்டணம் சேரும். 20 ஆண்டு தாண்டிய வண்டிக்குப் புதுப்பிக்கும் கட்டணமும் அதிகம். இவற்றோடு தமிழ்நாட்டின் பசுமை வரியும் உண்டு. எல்லாவற்றையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து, மொத்தத் தொகையைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு பேரம் பேசுவது நல்லது.

வண்டி நம்பரைப் பரிவாகன் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் ஆர்.சி. எதுவரை செல்லும், இன்ஷூரன்ஸ் இருக்கிறதா, கடன் பாக்கி நிற்கிறதா என்பது தெரியும். பழைய நம்பர் சில கம்ப்யூட்டரில் ஏறியிருக்காது. அப்படியென்றால், பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உரிமையாளர்தான் அதை ஏற்றித் தர வேண்டும். 'வாங்கிய பிறகு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்றால், அந்த அலைச்சலையும் விலையில் கழிக்க வேண்டும்.

ஆர்.சி.யில் இருப்பவர் நேரில் வந்து கையெழுத்துப் போடுவாரா என்பது அடுத்த கேள்வி. 29, 30 என்ற இரண்டு படிவங்களில்தான் பெயர் மாற்றம் நடக்கும். நான்கு கை மாறிய வண்டிக்கு, முதல் உரிமையாளர் எப்போதோ வெறும் படிவத்தில் போட்ட கையெழுத்து மட்டும் கைமாறிக்கொண்டே வரும். அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூடப் புரோக்கருக்குத் தெரியாது. அந்த வண்டிக்கு அரை விலை கொடுத்தாலும் அதிகம்தான்.

நம்பர்: சேஸிஸ் நம்பர், ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துக் குழாயில் பொறிக்கப்பட்டிருக்கும். இன்ஜின் நம்பர், இன்ஜினின் அடிக்கூட்டில் இருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். ஆர்.எக்ஸ்.100 வண்டியின் நம்பர் 1எல்1 என்று தொடங்கும். எழுத்துகள் ஏற்ற இறக்கமாக இருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தாலோ, அரம் போட்ட தடம் தெரிந்தாலோ விலையே பேச வேண்டாம், கிளம்பிவிட வேண்டும். திருட்டு வண்டி என்று தெரிந்து வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-ம் பிரிவின்படி குற்றம். 'தெரியாது' என்று நிரூபிக்கும்வரை வண்டி காவல் நிலையத்தில் துருப்பிடித்துக்கொண்டு நிற்கும்.

வருடத்தையும் ஒப்பிட வேண்டும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகுதான் 'டி.என்.' என்று தொடங்கும் இன்றைய நம்பர் முறை வந்தது. '1987 மாடல்' என்று சொல்லிவிட்டு டி.என். நம்பரைக் காட்டினால் காரணம் கேட்க வேண்டும். '1999 மாடல் ஆர்.எக்ஸ்.100' என்றால், தயாரிப்பு நின்று மூன்று வருடம் கழித்து அது எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அடுத்து வந்த 135 சிசி வண்டிக்கு ஆர்.எக்ஸ்.100 டேங்கும் ஸ்டிக்கரும் மாட்டியிருப்பார்கள். 100 சிசி வண்டியில் 135 சிலிண்டரை மாட்டியிருப்பதும் உண்டு. வேகம் கூடும், ஆர்.சி.யில் உள்ள விவரமும் வண்டியும் ஒத்துப்போகாது. அனுமதி இல்லாமல் இப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது.

இன்ஜின்: 'நான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்' என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சூடான இன்ஜின் நோயை மறைக்கும். இன்ஜின் சில்லென்று இருக்கும்போது இரண்டு, மூன்று உதையில் பிடித்தால் நல்லது. கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தினால் இறுக்கம் தெரிய வேண்டும். தொளதொளவென்று இறங்கினால் பிஸ்டன், ரிங் தேய்ந்திருக்கிறது.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலோடு ஆயிலும் எரிவதால் ஆரம்பத்தில் நீலம் கலந்த வெண்புகை வருவது இயல்பு. சூடான பிறகும் அடர்ந்த வெண்புகை வந்து, கியர் பெட்டி ஆயிலும் குறைந்துகொண்டே போனால், கிளட்ச் பக்கத்துக் கிராங்க் ஆயில் சீல் போயிருக்கும். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் உடனே இறங்காமல் நின்றால், மேக்னெட் பக்கத்துச் சீல் வழியாகக் காற்று இழுக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். சீல் விலை குறைவுதான். ஆனால், கவனிக்காமல் ஓட்டினால் பெட்ரோலும் ஆயிலும் போதாமல் பிஸ்டன் இறுகிவிடும். அடியில் இருந்து 'கடகட' என்று சத்தம் வந்தால் கிராங்க் வேலை. அது பெரிய செலவு.

எத்தனை முறை போர் போட்டிருக்கிறது என்று கேட்க வேண்டும். இந்த இன்ஜினின் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர். ஒவ்வொரு முறை தேயும்போதும் கால் மில்லிமீட்டர் கடைந்து, அடுத்த சைஸ் பிஸ்டன் போடுவார்கள். ஒரு மில்லிமீட்டர்வரை போய்விட்டால், அடுத்த முறை புது ஸ்லீவோ புது பிளாக்கோதான் வழி. தரமான பழைய கம்பெனி பிளாக் கிடைப்பது அரிது. அதனால் 'கடைசி சைஸில் ஓடுகிற வண்டி' என்றால் அதற்கும் விலை குறைக்க வேண்டும்.

சேஸிஸை, பின்சக்கரக் கை சேரும் இடத்திலும் பேட்டரிப் பெட்டிக்கு அடியிலும் தட்டிப் பார்க்க வேண்டும். துருவும் வெல்டிங்கும் அங்கேதான் ஒளிந்திருக்கும். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலப்பு அதிகம். அது ஈரத்தை இழுக்கும். பழைய டேங்கில் துரு சேரவும், பழைய ரப்பர் குழாய் இளகவும் அது வழி செய்யும்.

இனி கணக்கு. உங்கள் பக்கத்தில் கடைசியாக விற்ற, காகிதமும் இன்ஜினும் சரியாக உள்ள வண்டியின் விலையைக் கண்டுபிடிக்க வேண்டும். கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. இரண்டு மெக்கானிக் பட்டறையில் விசாரித்தால் உண்மை வந்துவிடும். உதாரணத்துக்கு, அது 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்க்கிற வண்டிக்கு இன்ஜின் வேலை 22,000, டயர், செயின் செட் 8,000, ஆர்.சி. புதுப்பிப்பு, வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 10,000, எதிர்பாராத செலவுக்கு 5,000 என்று உங்கள் மெக்கானிக் சொன்னால், மொத்தம் 45,000. அந்த வண்டிக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய அதிகபட்ச விலை 55,000 ரூபாய். புரோக்கர் சொல்லும் 1,20,000 எங்கே, இது எங்கே? உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைப் பையனின் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அப்பா 'வேண்டாம்' என்று சொல்வதைவிட அந்தத் தாள் நன்றாகப் பேசும்.

வாங்கிய பிறகும் செலவு நிற்காது. இன்றைய நூறு சிசி வண்டிகளைவிட இது மைலேஜ் கணிசமாகக் குறைவாகக் கொடுக்கும். 2டி ஆயில் செலவு தனி. புகைச் சான்று எடுக்கும்போது, 2000 மார்ச் மாதத்துக்கு முன்பு தயாரான இருசக்கர வாகனத்துக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவிகிதம், ஹைட்ரோகார்பன் 9,000 பி.பி.எம். என்பது உச்ச வரம்பு. ஆயில் பம்ப் சரியாக இல்லாத வண்டி இதில் தேறாது.

போர்வெல் மோட்டாருக்கு வைத்த பணம் மோட்டாருக்கே போகட்டும். கிணற்றில் தண்ணீர் ஏறாமல் போனால் ஒரு பருவம் போய்விடும். பழைய வண்டி இன்றில்லை என்றால் அடுத்த வருடம் கிடைக்கும். பையன் தன் சம்பாத்தியத்தில் சேர்த்து, மேலே சொன்னபடி சோதித்து வாங்கினால் அதில் தவறில்லை.

''என் வீட்டுக்காரர் 14 வருடம் சொசைட்டிக்குப் பால் கேன் கட்டிக்கொண்டு போன ஆர்.எக்ஸ்.100 வண்டி, அவர் இறந்த பிறகு மாட்டுத் தொழுவத்தில் ஒன்பது வருடமாக நிற்கிறது. காயலாங்கடைக்காரர் 4,000 ரூபாய் தருகிறேன் என்றார். அடுத்த வாரமே டவுனில் இருந்து இரண்டு தம்பிகள் வந்து 15,000 என்றார்கள். யாருக்குக் கொடுப்பது?''

- வாசகி, சின்னசேலம்

இப்போதைக்கு இருவருக்கும் கொடுக்காதீர்கள். ஒரு வாரத்தில் 4,000 ரூபாய் 15,000 ஆனது என்றால், வந்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும் என்று அர்த்தம். அதை நீங்களும் தெரிந்துகொண்ட பிறகு விற்கலாம்.

முதல் வேலை காகிதம். உரிமையாளர் இறந்தால், 31-ம் படிவத்தில் விண்ணப்பித்து வாரிசு பெயருக்கு ஆர்.சி.யை மாற்ற வேண்டும். இதை மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும் என்பது விதி. ஒன்பது வருடம் கழிந்ததால் தாமதக் கட்டணம் கேட்பார்கள். மாற்றவே முடியாது என்பதில்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பிள்ளைகள் இருந்தால் அவர்களின் சம்மதக் கடிதம், ஆர்.சி. புத்தகம் ஆகியவற்றோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஆர்.சி. தொலைந்திருந்தால், நகல் கேட்க 26-ம் படிவம். பெயர் மாறிய வண்டிக்கும் மாறாத வண்டிக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

இரண்டாவது, வண்டியைத் தொடாமல் இருப்பது. 'கழுவி, பெயின்ட் அடித்து விற்றால் விலை வரும்' என்று யாராவது சொல்வார்கள். பழைய வண்டி தேடுபவர்களுக்குக் கம்பெனி பெயின்ட், கம்பெனி சைலன்சர், பழைய மிகுனி கார்ப்பரேட்டர்தான் வேண்டும். அவை மங்கி இருந்தாலும் பரவாயில்லை. புதுப் பெயின்ட் அடித்தால் அடியில் என்ன மறைத்திருக்கிறதோ என்று யோசிப்பார்கள். 'சைலன்சரை மட்டும் கொடுங்க அக்கா, ரெண்டாயிரம் தர்றேன்' என்று வருபவருக்கும் கொடுக்கக் கூடாது. உறுப்பு உறுப்பாகப் போனால் மிச்சம் இருப்பது காயலாங்கடை இரும்புதான்.

மூன்றாவது, யாரையும் எடுத்த எடுப்பில் கிக்கரை உதைக்க விடாதீர்கள். ஒன்பது வருடத்தில் ரிங் துருவோடு ஒட்டியிருக்கும். உதைத்தால் ரிங் உடைந்து சிலிண்டரைக் கீறிவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் 2டி ஆயில் ஊற்றி, ஓரிரு நாள் ஊறவிட்டு, பிளக் இல்லாமலேயே கையால் மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, கார்ப்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நம்பிக்கையான உள்ளூர் மெக்கானிக் உங்கள் தொழுவத்திலேயே இதைச் செய்துவிடுவார். வண்டியைப் பட்டறையில் கொண்டு போய் விட வேண்டாம். ஓடுகிற வண்டியாகக் காட்டினால் பேரத்தில் உங்கள் பேச்சு நிற்கும்.

விலை சொல்லும்போது மேலே உள்ள கணக்கையே நீங்களும் போடலாம். ஊரில் நல்ல வண்டி விற்ற விலையில், உங்கள் வண்டிக்கு ஆகும் வேலைச் செலவைக் கழித்தால் வருவது நியாயமான விலை. ஒரே உரிமையாளர், ஒரே இன்ஜின், பழைய பெயின்ட் என்பது உங்கள் பக்கத்துப் பலம். குறைந்தது மூன்று பேரிடம் விலை கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

விற்கும் நாளில் பணமும் பெயர் மாற்றப் படிவமும் ஒன்றாக நடக்க வேண்டும். 'வண்டியை எடுத்துப் போய் அடுத்த மாதம் பெயர் மாற்றுகிறோம்' என்பதற்குச் சம்மதிக்க வேண்டாம். நவீன் குமார் - விஜய் குமார் வழக்கில் 2018-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம், வண்டி கை மாறியிருந்தாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறது. முன்பின் தெரியாத தம்பி யார் மீதாவது மோதினால், நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். வாங்குபவரின் ஆதார் நகல், தேதியும் நேரமும் எழுதிய விற்பனைக் கடிதம் இரண்டும் கையில் இருக்கட்டும்.

காயலாங்கடைக்கே போட வேண்டிய நிலை என்றாலும், பதிவை ரத்து செய்யாமல் போடக் கூடாது. அரசு அங்கீகாரம் பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்தால் சான்று தருவார்கள். இல்லையென்றால், உங்கள் வீட்டுக்காரர் பெயரில் உள்ள நம்பரும் புத்தகமும் ஏதாவது திருட்டு வண்டியில் ஏறி ஓடும்.

அவர் ஓட்டிய வண்டி என்பதற்காக வைத்துக்கொள்ளவும் செய்யலாம். அப்போதும் ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றி, டேங்கைக் காலி செய்து, மாட்டு மூத்திரம் படாத இடத்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். சாணமும் மூத்திரமும் இரும்பைச் சீக்கிரம் தின்றுவிடும்.

''பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் இன்ஜினை வைத்து, நான்கு சக்கர 'குவாட்' வண்டி செய்து தருவதாக ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்கிறார்கள். மலைச்சரிவுத் தோட்டத்தில் மூட்டை ஏற்ற உதவுமா? என்ன விலை கொடுக்கலாம்?''

- வாசகர், போடிநாயக்கனூர்

மூட்டை ஏற்ற உதவாது. பைக் இன்ஜின் குளிர்வது, ஓடும்போது எதிரே வரும் காற்றால்தான். சரிவில் பாரத்தோடு முதல் கியரில் ஊர்ந்து ஏறினால் காற்றும் இருக்காது, சூடும் உச்சத்தில் இருக்கும். பிஸ்டன் இறுகி, வண்டி நடுச்சரிவில் நின்றுவிடும். ரிவர்ஸ் கியரும் கிடையாது. நின்ற வண்டி பாரத்தோடு பின்னால் உருண்டால் பிடிக்க முடியாது.

1980-களில் ஜப்பான் நிறுவனங்கள் அமெரிக்காவுக்காகச் செய்த டூ-ஸ்ட்ரோக் குவாட் வண்டிகளுக்கு அங்கே இன்றும் மவுசு இருக்கிறது. ஹோண்டா டி.ஆர்.எக்ஸ். 250ஆர், சுசூகி எல்.டி. 250ஆர், யமஹா பான்ஷீ ஆகிய மூன்றும் பெயர் பெற்றவை. மூன்றும் பந்தயத்துக்கும் மணல்மேட்டுக்கும் செய்த வண்டிகள். சூட்டைச் சமாளிக்க மூன்றிலும் தண்ணீரால் குளிர்விக்கும் இன்ஜின் வைத்தார்கள். அவற்றையே யாரும் பண்ணை வேலைக்கு வாங்குவதில்லை. அதற்கு முன்பு வந்த மூன்று சக்கர வண்டிகள் கவிழ்ந்து பலர் இறந்ததால், 1988-ல் நீதிமன்ற ஒப்பந்தத்தின் பேரில் அமெரிக்காவில் அவற்றின் விற்பனையே நின்றது. ஆஸ்திரேலியாவில் பண்ணைகளில் குவாட் கவிழ்ந்து தொடர்ந்து உயிர் போனதால், 2021 அக்டோபர் முதல் ஓட்டுபவரை நசுக்காமல் தடுக்கும் பாதுகாப்புச் சட்டத்தோடுதான் புது வண்டி விற்க வேண்டும். பெரிய கம்பெனி வண்டிக்கே இந்த நிலை என்றால், அளவு நாடா மட்டும் வைத்து வெல்டிங் செய்த வண்டியைச் சரிவில் நம்ப முடியாது.

சட்டப்படியும் அதற்குப் பதிவு கிடையாது, இன்ஷூரன்ஸும் கிடையாது. தோட்டத்துக்குக் குறுக்கே போகிற பஞ்சாயத்துச் சாலையைக் கடந்தாலே குற்றம். கூலியாள் யாராவது ஏறி அடிபட்டால், இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில் விழும்.

விலை என்று கேட்டால், இரும்பின் எடைக்கு உள்ள விலையும் பழைய இன்ஜினின் விலையும்தான் அதன் மதிப்பு. கூலி என்று பட்டறையில் சொல்லும் தொகை, திரும்ப விற்கும்போது ஒரு ரூபாயும் தேறாது. சரிவில் மூட்டை இறக்க, குறைந்த வேகத்தில் ஓடுவதற்கென்றே செய்த, ரிவர்ஸ் கியர் உள்ள பவர் டில்லர் வண்டியை, பாதை அகலமும் சரிவும் இடம் கொடுத்தால் வாடகைக்கு எடுத்து ஒரு பருவம் பார்க்கலாம். வாங்குவதா, வேண்டாமா என்பதை அறுவடைக் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.